கையொப்பம் இல்லாத மணமகள்

இலங்கையில் முஸ்லிம் திருமணமொன்று பதிவாகும்போது மணமகன் கையொப்பமிடுகிறான். பெண்ணின் வலி, அதாவது திருமணப் பொறுப்பாளர், கையொப்பமிடுகிறார். பெரும்பாலும் அது அவளுடைய வாப்பா, அவர் இல்லாவிட்டால் தந்தை வழி ஆண் ஒருவர். நிகாஹ் நடத்தியவர் கையொப்பமிடுகிறார். மணமகளின் கையொப்பத்தை 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கேட்பதில்லை. அவள் சட்டத்தரணியாக இருக்கலாம், வைத்தியராக இருக்கலாம். காணி உறுதியிலும் வங்கிக் கடன் பத்திரத்திலும் அவளுடைய கையெழுத்து செல்லும். அவள் இந்தத் திருமணத்துக்குச் சம்மதித்தாள் என்பதற்கு மட்டும் அவள் கையால் ஒரு தடயமும் அரசுக்குத் தேவைப்படவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் இரண்டு பதில்கள் வருகின்றன. இது ஷரீஆ, இதில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை என்கிறது ஒன்று. இது அவர்களுடைய மத விடயம், அவர்கள் ஒருமித்து வந்து கேட்டால் மாற்றித் தருவோம் என்கிறது மற்றது. முதலாவதை முஸ்லிம் சமூகத்தின் தலைமை சொல்கிறது. இரண்டாவதை மாறி மாறி வந்த அரசாங்கங்கள் சொல்கின்றன. கேட்பதற்கு எதிரெதிரான இடங்களிலிருந்து வரும் குரல்கள் போலிருந்தாலும் ஒன்றின் தோளில் மற்றது சாய்ந்துதான் இவ்வளவு காலம் நின்றிருக்கிறது. இரண்டுமே மறைக்கும் உண்மை எளிமையானது. இந்தச் சட்டத்தை இயற்றியது பாராளுமன்றம். அதற்கு இலக்கம் இருக்கிறது, பிரிவுகள் இருக்கின்றன, திருத்திய ஆண்டுகள் இருக்கின்றன. அதை நடைமுறைப்படுத்தும் நீதிபதியான காதியை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. காதி விதித்த தாபரிப்புப் பணத்தைக் கணவன் கட்டாவிட்டால், அதைத் தண்டப்பணம் போல அறவிட்டுக் கொடுப்பது நீதவான். பதிவேடும் கொடுப்பனவும் முத்திரையும் பொலிஸும் அரசுடையவை என்றால், அந்தச் சட்டம் செய்யும் அநீதிக்கும் அரசுதான் பொறுப்பு. இதைச் சொல்ல எந்த மதத்தையும் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் மதீனாவுக்குப் போய்ச்சேர மாட்டோம். வழியில் பத்தேவியா குறுக்கிடும். இன்றைய ஜகார்த்தாவில் டச்சுக் கம்பெனி தன் ஆளுகைக்குட்பட்ட முஸ்லிம்களுக்கென்று தொகுத்து வைத்திருந்த விதிகள் 1770இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டன. ஆங்கிலேயர் வந்தபிறகு அதே தொகுப்பைக் கொழும்பு முஸ்லிம் தலைவர்களிடம் காட்டி, அவர்கள் ஆமோதித்த வடிவத்தில், 1806இல் முகம்மதியர் சட்டக்கோவை என்று பிரகடனம் செய்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1852இல், அது தீவு முழுவதற்கும் விரிந்தது. 1929இல் திருமணப் பதிவுக்கு ஒரு கட்டளைச் சட்டம், 1931இல் வாரிசுரிமைக்கு ஒன்று, 1951இல் இப்போதிருக்கும் சட்டம். ஜாவா முஸ்லிம்களைப் பற்றி ஒரு வணிகக் கம்பெனி எழுதிவைத்ததும், கொழும்பின் வசதி படைத்த ஆண்கள் சிலர் தலையாட்டியதும் சேர்ந்துதான் மூதூர் மீனவர் வீட்டுப் பெண்ணுக்கும் அக்குறணை வியாபாரி வீட்டுப் பெண்ணுக்கும் மார்க்கச் சட்டமாகி நிற்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை புதிதாக இருக்க முடியாது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற டச்சு அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களை எழுதித் தர, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரி என்றார்கள். அதுதான் தேசவழமை. அதன் வழிவந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். முஸ்லிம் பெண்ணின் நிலை கண்டு இரக்கப்படும் யாழ்ப்பாணத்து ஆண்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்த இரக்கத்தில் கொஞ்சத்தை அவர்கள் தங்கள் வீட்டுக்கும் கொண்டுபோகலாம்.

நவீன அரசு கையில் எடுப்பதற்கு முன் ஷரீஆ எப்படி வாழ்ந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அது ஒரே புத்தகமாக இருக்கவில்லை. மத்ஹப்கள் எனப்படும் நான்கு சுன்னிச் சட்ட மரபுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றாண்டுக் கணக்கான கருத்து வேறுபாடுகள், ஒரு ஆலிம் சொன்னதை மறுத்து அதே ஊரில் இன்னொரு ஆலிம் எழுதும் சுதந்திரம். ஃபத்வா என்பது கருத்து. அதைக் கேட்டவர் விரும்பினால் ஏற்கலாம். காதியின் தீர்ப்புக்குக் கட்டாயம் உண்டு, ஆனால் அந்தக் காதி எந்த நூலிலிருந்து எடுத்துப் பேச வேண்டும் என்று சட்டமன்றம் ஒன்று கட்டளையிடவில்லை. அந்த ஏற்பாட்டில் பெண்களுக்கு நீதி கிடைத்தது என்று நான் அழகுபடுத்திச் சொல்ல வரவில்லை. அது ஆண்களின் உலகம்தான். ஆனால் அங்கே அசைவுக்கு இடம் இருந்தது. ஹனஃபி மத்ஹபில் பருவமடைந்த பெண் தன் திருமணத்தைத் தானே ஒப்பந்தம் செய்யலாம், வலி கட்டாயமில்லை. ஷாஃபியில் வலி வேண்டும். கணவன் காணாமல்போன பெண்ணை ஹனஃபிச் சட்டம் பல பத்தாண்டுகள் காத்திருக்க வைத்தது என்றால், மாலிக்கிச் சட்டம் சில ஆண்டுகளில் விடுவித்தது. இத்தனை கிளைகளில் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து, அதற்கு இலக்கமிட்டு, மீறினால் நீதிமன்றம் என்று சொன்ன கணத்தில் அது வேறொன்றாக மாறிவிட்டது. அதற்குப் பிறகும் அதை ஷரீஆ என்றே அழைப்பதால் ஆதாயம் அடைந்தவர்கள் உண்டு.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு வினோதம் இருக்கிறது. பதிவு, மனு, மேன்முறையீடு எல்லாவற்றையும் அது எழுதி வைத்திருக்கிறது. ஆனால் ஒரு திருமணம் செல்லுபடியாகுமா என்று வந்தால், தரப்பினர் சார்ந்த மத்ஹபின் முஸ்லிம் சட்டப்படி என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறது. அந்த எழுதப்படாத பகுதியைத் தீர்மானிப்பவர் காதி. அவர் நல்லொழுக்கமும் அந்தஸ்தும் உள்ள முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சட்டமோ மார்க்கமோ முறையாகப் படித்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மேல்முறையீடு கேட்கும் காதிகள் சபையின் ஐவரும் ஆண்கள். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி வாதாட முடியாது. கணவன் தலாக் என்ற மணமுறிவு கேட்டு வந்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. மனைவி பஸ்ஹ் என்ற மணமுறிவு கேட்டு வந்தால் கணவனின் குற்றத்தைச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும், காதிக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மூன்று மதிப்பீட்டாளர்களின் முன்னால். தனக்கு நேர்ந்த அடியை, படுக்கையறை அவமானத்தை, ஊரில் நாளும் காணும் நான்கு ஆண்களுக்கு விவரித்துச் சொல்லிவிட்டு அவள் பேருந்தில் வீடு திரும்ப வேண்டும்.

இனி வயது. முஸ்லிம் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயதென்று இந்தச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்தைப் பதிவதென்றால் காதியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. பன்னிரண்டு நிறைந்தவளுக்கு அந்த அனுமதியும் தேவையில்லை. 1995இல் நாட்டின் பொதுத் திருமண வயது பதினெட்டு ஆக்கப்பட்டபோது முஸ்லிம் சிறுமிகள் அதற்கு வெளியே விடப்பட்டார்கள். அதே ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவையும் திருத்தப்பட்டது. பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்ணோடு உறவு கொண்டால், அவள் சம்மதித்திருந்தாலும், அது வன்புணர்வு என்றது திருத்தம். உடனே ஒரு விதிவிலக்கையும் சேர்த்தது: அவள் அவனுடைய மனைவியாக இருந்து, பன்னிரண்டு வயதைக் கடந்திருந்தால் அது குற்றமாகாது. பொதுச் சட்டத்தின்படி பதினேழு வயதுப் பெண்ணும் மனைவியாக முடியாத நாட்டில் அந்த விதிவிலக்கு யாருடைய பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது என்பது தெளிவு. அதை எழுதியது மார்க்க அறிஞர்களின் உலமா சபை இல்லை. கொழும்பில் சட்ட வரைஞர்கள் எழுத, எல்லா இனங்களையும் சேர்ந்த உறுப்பினர்கள் இருந்த பாராளுமன்றம் நிறைவேற்றியது.

நீதிமன்றம் போகலாமே என்று கேட்கலாம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது, பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. பிறகு 16ஆம் உறுப்புரை வருகிறது. அரசியலமைப்பு வரும்போது ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் அவை செல்லும் என்று அது சொல்லிவிடுகிறது. ஒரு முஸ்லிம் பெண் உயர் நீதிமன்றத்தின் படியேறி, இந்தச் சட்டம் என்னைச் சமமாக நடத்தவில்லை என்று நிரூபித்தாலும், ஆம், நடத்தவில்லைதான், ஆனாலும் சட்டம் சட்டமே என்று பதில் சொல்ல அரசுக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள். தேசவழமைப் பெண்ணுக்கும் இதே கதவுதான் அடைக்கப்பட்டிருக்கிறது.

மதத்தை மதிப்பதால்தான் இப்படி ஒதுங்கி நிற்கிறோம் என்று அரசு சொன்னால் அதை 2020ஆம் ஆண்டை வைத்துச் சோதிக்க வேண்டும். அந்த ஏப்ரலில் கொரோனாவால் இறந்தவர்கள் அனைவரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி அறிவித்தல் வந்தது. புதைப்பதால் தொற்று பரவாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தது. ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு மண்ணில் வைப்பது முஸ்லிம்கள் அத்தனை பேருக்கும் ஒத்த கடமை. மத்ஹப் வேறுபாடு இல்லாத, எந்த ஆலிமும் இன்னொரு ஆலிமை மறுக்காத ஒரு விடயம் உண்டென்றால் அது இதுதான். அதை அரசு ஏறக்குறைய பத்து மாதங்களுக்கு மறுத்தது. வழக்குப் போட்டவர்களின் மனுக்களை விசாரணைக்கு எடுக்கவே உயர் நீதிமன்றம் இணங்கவில்லை. டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையை, பெற்றோர் சம்மதிக்காமலே எரித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது, அதுவும் தொலைவிலுள்ள ஓட்டமாவடியில். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பதினான்கு வயதுச் சிறுமியின் நிகாஹ் என்றால், இதில் நாங்கள் தலையிட முடியாது, மார்க்கம் என்கிற அரசு. இருபது நாள் சிசுவின் உடல் என்றால், மார்க்கமெல்லாம் பார்க்க முடியாது, சட்டம் என்கிற அரசு. முஸ்லிம்களின் நம்பிக்கை மீது இந்த அரசுக்கு உண்மையான மரியாதை இருந்திருந்தால் முதலில் இறந்தவர்கள் விடயத்தில்தான் அது தெரிந்திருக்கும். பெண்களையும் சிறுமிகளையும் பலியாகக் கொடுப்பதுதான் அரசுக்கும் சமூகத் தலைமைக்கும் இடையில் மலிவான உடன்படிக்கை. அதற்குத்தான் மத மரியாதை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இதை எழுதும்போது என் கோபத்தை அடக்க நான் முயலவில்லை.

பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் 9ஆம் உறுப்புரை உள்ள ஒரு நாட்டை மதச்சார்பற்ற நாடு என்று சொல்ல முடியாது. ஆகவே முஸ்லிம்கள் மாற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே ஒடுங்கிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. 1990 அக்டோபரில் வட மாகாணத்தின் முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் விரட்டினார்கள். தலைமுறைகளாக வாழ்ந்த ஊரிலிருந்து, கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு புத்தளம் பக்கம் போய்க் கொட்டகைகளில் இருந்தவர்களுக்கு, தங்களிடம் மிஞ்சியது தங்கள் மார்க்கம் மட்டுமே என்று தோன்றியிருந்தால் அதில் தமிழர்களாகிய நமக்கும் பங்குண்டு. 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனவிலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அந்தத் தீயின் வெளிச்சத்தில்தான் பலருக்கும் திடீரென்று முஸ்லிம் பெண்ணின் உரிமை கண்ணில்பட்டது. 2021 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ என்று ஒரு ஜனாதிபதி செயலணி அமைந்தது. தலைவர், நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை சென்று ஜனாதிபதி மன்னிப்பில் வெளிவந்த கலகொட அத்தே ஞானசார தேரர். தொடக்கத்தில் அதில் ஒரு தமிழர்கூட இருக்கவில்லை. முஸ்லிம் பெண்ணுக்காக வாதாட வேண்டுமென்றால் அதற்கு இந்தப் பெயரைவிடக் கெட்ட பெயரை யாரும் தேடியிருக்க முடியாது.

ஆனால் முஸ்லிம் பெண்கள் 2019இல் விழித்துக்கொண்டவர்கள் இல்லை. முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி, செயல் முன்னணி 1980களிலிருந்தே இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசிவருகிறது. புத்தளத்தில், விரட்டப்பட்ட சமூகத்துக்குள்ளிருந்தே பெண்கள் சேர்ந்து சிறுவயதுத் திருமணங்களையும் காதி நீதிமன்ற அனுபவங்களையும் ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்கள். அவர்களுக்கு ஊருக்குள் கிடைத்த பெயர்களை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆய்வதற்காக அரசு குழுக்கள் அமைத்தது, 1970களில் ஒன்று, 1990இல் ஒன்று. 2009இல் உயர் நீதிமன்ற நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் அமைந்த குழு ஒன்பது ஆண்டுகள் கூடிப் பேசி, 2018 ஜனவரியில் இரண்டாகப் பிரிந்த நிலையில் அறிக்கையைக் கொடுத்தது. பெண்கள் காதியாகலாமா என்பது பிரிவுக்கு ஒரு காரணம். இத்தனைக்கும் இந்தோனேசியாவின் மத நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள், பலஸ்தீனத்தில் 2009இலும் மலேசியாவில் 2010இலும் ஷரீஆ நீதிமன்றங்களில் பெண்களை நியமித்தார்கள். இலங்கையில் ஒரு முஸ்லிம் பெண் மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசராகி, காதிகள் சபையின் தீர்ப்பைத் தவறென்று புரட்டிப்போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. கீழே, காதியின் நாற்காலியில் அமர்வதைத்தான் தடுக்கிறது.

இப்போது நேரம் சரியில்லை என்பது நான் திரும்பத் திரும்பக் கேட்கும் வாதம். பேரினவாதம் வாசலில் நிற்கும்போது வீட்டுக்குள் சண்டை எதற்கு என்று கேட்கிறார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் போர்க்காலத்தில் போர் என்றார்கள், போர் முடிந்ததும் பௌத்தப் பேரினவாத அமைப்பான பொதுபலசேனா என்றார்கள், பிறகு குண்டுவெடிப்பு, பிறகு செயலணி. 1951இலிருந்து எண்ணினால், அமைதியான ஆண்டுகளிலும் ஒருவரும் முந்திக்கொண்டு இந்த அநீதிகளை மாற்றவில்லை.

மார்க்கத்துக்குள்ளிருந்தே மாற்றம் வரும் என்பதற்கு எடுத்துக்காட்டு நம் அயலில்தான் இருக்கிறது. பிரித்தானிய இந்தியாவின் நீதிபதிகள் ஹனஃபி நூலொன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அதையே இறுதி வாக்காகப் பின்பற்றினார்கள். அந்தக் கண்டிப்பில், கொடுமைக்காரக் கணவனிடமிருந்தோ காணாமல்போனவனிடமிருந்தோ விடுபட மனைவிக்கு வழியே இல்லாமல் போனது. பஞ்சாபில் சில பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மார்க்கத்தை விட்டு வெளியேறினால் திருமணம் தானாக முறியும் என்பது சட்டம். அவர்கள் வெளியேறினார்கள். ஒரு பெண் தன் கணவனை விட்டுப் போவதற்காகத் தன் இறைவனையும் விட்டுப்போக நேர்ந்த அந்த நிலை மார்க்க அறிஞர்களை உலுக்கியது. தேவ்பந்த் மரபின் பெரிய ஆலிம் அஷ்ரஃப் அலி தானவி, 1930களின் தொடக்கத்தில், மாலிக்கி அறிஞர்களிடம் கேட்டறிந்து, இந்த விடயத்தில் ஹனஃபிகள் மாலிக்கிச் சட்டத்தைக் கைக்கொள்ளலாம் என்று விரிவாக எழுதினார். 1939இல் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம் வந்தது. கைவிடல், கொடுமை, தாபரிப்பு மறுப்பு ஆகிய காரணங்களுக்காக மனைவி நீதிமன்றத்தில் விடுதலை கேட்கலாம் என்றானது.

தானவி பெண்விடுதலைக்காரர் இல்லை. அவர் கவலை பெண்கள் மதம் மாறுகிறார்களே என்பதுதான். அந்த 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலும், மதம் மாறியதால் மட்டும் திருமணம் முறியாது என்று ஒரு பிரிவு சேர்ந்தது. இருந்தாலும் தன் மத்ஹபை விட்டு வெளியே நடக்க அவருக்குத் துணிவிருந்தது. அதற்கும் முன்பே, 1917இல், உஸ்மானியப் பேரரசு குடும்பச் சட்டமொன்றை வெளியிட்டது. கலீஃபா ஆட்சியில் இருந்த காலம் அது. பெண்ணுக்குப் பதினேழு, ஆணுக்குப் பதினெட்டு என்று அது திருமண வயதை எழுதியது. அதற்குக் குறைந்தவர்களுக்கு நீதிபதியின் அனுமதி வேண்டும், ஒன்பதுக்குக் குறைந்த சிறுமிக்கு அனுமதியே இல்லை. அந்தச் சட்டத்திலும் குறைகள் நிறைய. ஆனால் வயது நிர்ணயிப்பதே இஸ்லாத்துக்கு எதிரானது என்று இன்று கொழும்பில் பேசுகிறவர்கள், கலீஃபாவின் அரசு அதைச் செய்தபோது அது என்னவாக இருந்தது என்று சொல்ல வேண்டும்.

நூலும் ஊரும் எப்படி இணங்கி வாழ்கின்றன என்பதற்குக் கிழக்கிலங்கை முஸ்லிம்களைப் பாருங்கள். காத்தான்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணத்துக்கு முன்பே வாப்பாவும் உம்மாவும் கடன்பட்டாவது ஒரு வீட்டைக் கட்டி மகள் பெயரில் எழுதுகிறார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்கிறார். வாரிசுரிமை நூலின்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதி. ஊரின் நடைமுறைப்படி, பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே கிடைத்த முழு வீடு. இதனால் பெண் வீட்டார் மீது விழும் சுமை கொடியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கணவன் போனாலும் தலைக்கு மேலுள்ள கூரை போகாது என்ற பலம் அந்தப் பெண்களுக்கு இருக்கிறது. தொழுகையிலும் நோன்பிலும் எவருக்கும் பின்னிற்காத ஊர்கள் இவை. நூலில் இருப்பதும் ஊரில் இருப்பதும் வேறாக இருப்பதால் தங்கள் ஈமான் குறைந்தது என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

மார்க்கம் இப்படி ஊரோடு இணங்கி வாழக்கூடியது என்பதால்தான் காதி நீதிமன்றங்களை ஒரேயடியாக ஒழித்துவிடலாம் என்ற யோசனை எனக்கு ஒப்பவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் சட்டத்தரணிக்குப் பணம் வேண்டும், தவணைக்கு மேல் தவணை போகும், பல இடங்களில் மொழியும் அந்நியம். தாபரிப்புக்காக மூன்று பிள்ளைகளோடு அலையும் ஏழைப் பெண்ணுக்குத் தன் மொழியில், செலவில்லாமல் ஒரு மன்று வேண்டும். அங்கே பெண்ணும் நீதிபதியாக இருக்க வேண்டும், தீர்ப்பு சொல்பவர் சட்டம் படித்திருக்க வேண்டும், கட்டடமும் எழுதுநரும் ஒழுங்கான ஊதியமும் இருக்க வேண்டும். போராடும் முஸ்லிம் பெண்களில் பலர் கேட்டதும் கலைப்பதையன்று, சீர்செய்வதை. அவர்கள் கேட்டதைவிட அதிகமாகக் கொடுப்பதாக ஒருவர் முன்வந்தால் அவருடைய நோக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

இந்தியாவில் அந்தச் சந்தேகம் மெய்யாகியிருக்கிறது. 1985இல் இந்தூரின் ஷா பானுவுக்கு மாதம் 179 ரூபாய் 20 காசு தாபரிப்பு கொடுக்கச் சொன்ன தீர்ப்பைக் கண்டு அஞ்சி, அடுத்த ஆண்டே பாராளுமன்றம் சட்டமியற்றிப் பின்வாங்கியது. 2017இல் உச்ச நீதிமன்றம், ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொல்லும் முத்தலாக் செல்லாது என்றது, நல்ல தீர்ப்பு. செல்லாத ஒரு சொல்லைச் சொன்னதற்காக 2019இல் மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டம் வந்தது. மனைவியைக் கைவிட்டு ஓடும் மற்ற மதத்துக் கணவனுக்கு அப்படி ஒரு சிறை இல்லை. அரசு பெண்ணுக்குப் பயந்ததும் இல்லை, பெண்ணுக்காக நின்றதும் இல்லை. இரண்டு முறையும் அது வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தது.

அரசே ஷரீஆவைக் கையிலெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சூடானைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1983 செப்டம்பரில் அந்நாட்டு ஜனாதிபதி நுமைரி ஷரீஆவை அரசின் சட்டமாக அறிவித்தார். மஹ்மூத் முஹம்மத் தாஹா என்ற முதியவர், குர்ஆனை ஆழ்ந்து வாசித்து ஆண், பெண் சமத்துவத்தையும் பிற மதத்தினரின் சமவுரிமையையும் அதிலிருந்தே எடுத்துக்காட்டியவர், இந்தச் சட்டங்கள் இஸ்லாத்தையும் நாட்டையும் சிதைக்கின்றன என்று துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். தேசத்துரோகம் என்று தொடங்கிய வழக்கு, மேன்முறையீட்டில், மதத்தை விட்டு வெளியேறியவர் என்ற தீர்ப்பாக மாறியது. அப்படியொரு குற்றம் தண்டனைச் சட்டத்தில் இருக்கவே இல்லை. 1985 ஜனவரி 18ஆம் திகதி கார்ட்டூம் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். மூன்று மாதங்களுக்குள் நுமைரியின் ஆட்சி கவிழ்ந்தது. தாஹாவின் மாணவர் அப்துல்லாஹி அஹ்மத் அந்நயீம் நாட்டை விட்டுப் போய்ச் சட்டப் பேராசிரியராகி, பிற்காலத்தில் ‘இஸ்லாமும் மதச்சார்பற்ற அரசும்’ என்ற பொருளில் எழுதிய நூலின் அடிப்படை இதுதான்: அரசு கட்டாயப்படுத்திச் செய்விக்கும் காரியத்தில் வணக்கத்துக்குரிய எண்ணமான நிய்யத் இருக்க முடியாது, ஆகவே தன் ஷரீஆவைத் தானாக விரும்பிப் பின்பற்ற ஒரு முஸ்லிமுக்கு மதங்களிடையே நடுநிலை வகிக்கும் அரசு தேவை. இது ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான கருத்து என்று ஒதுக்குவோர் உண்டு. தன் ஆசானைத் தூக்கில் பறிகொடுத்த ஒரு சூடானிய முஸ்லிம் அதை எங்கிருந்து கற்றார் என்று அவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

அந்நயீம் சொல்லும் அரசு இலங்கையில் இல்லை, நாளைக்கு வரப்போவதும் இல்லை. ஆனால் எந்த ஃபத்வாவையும் தொடாமல் இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. பொதுத் திருமணப் பதிவுச் சட்டம் முஸ்லிம்கள் இருவர் மணம் செய்வதைத் தன் வரம்புக்கு வெளியே தள்ளியிருக்கிறது. அவர்கள் விரும்பினாலும் அந்தச் சட்டத்தின் கீழ் பதிய முடியாது. அந்த விலக்கை நீக்கினால், இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும் உரிமை பிறக்கும். தண்டனைச் சட்டக்கோவையின் அந்த விதிவிலக்கை நீக்க ஒரு வரித் திருத்தம் போதும். வயது, மணமகளின் ஒப்பம், பெண் காதி ஆகியவற்றுக்கு வரைவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2021இல் அமைச்சரவையே திருத்தங்களுக்கு இணங்கியது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா தன் மார்க்கக் கருத்தை மிம்பரில் சொல்லலாம், அதை ஏற்பவர்கள் பதினெட்டு வரை காத்திருந்து, அதன்படி வலியை வைத்து, மஹர் கொடுத்து நிகாஹ் செய்யலாம். அவர்களிடமிருந்து எடுக்கப்படுவது, ஏற்காதவள் மீது நீதவானை ஏவும் அதிகாரம் மட்டுமே.

சமூகத்துக்குள் ஒருமித்த கருத்து வரட்டும் என்று அடுத்த நீதி அமைச்சரும் சொல்லக்கூடும். கண்டியச் சட்டத்தின் கீழ் மணம் செய்யும் சிங்களவர்களுக்கு 1995இல் பாராளுமன்றம் திருமண வயதைப் பதினெட்டாக உயர்த்தியது. அப்போது அவர்களிடையே ஒருமித்த கருத்து வரும்வரை அது காத்திருக்கவில்லை.